வீட்டுக்குள் விழுதுவிடும் ஃபைகஸ் போன்சாய்

ஆல், அத்தி இனத்து மரங்களான ஃபைகஸின் போன்சாயில் (தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரம்) விழுது இறங்கவில்லை என்றதும் பலரும் ஸ்ப்ரே பாட்டிலைத்தான் எடுக்கிறார்கள். காலையும் மாலையும் தெளித்தும் ஒரு வேர்முனைகூட எட்டிப் பார்க்காது. விழுதுக்கான சத்தைத் தயாரிப்பது இலை, இலைக்கு வேண்டியது வெளிச்சம். ஆகவே முதலில் வெளிச்சம், அடுத்து ஈரப்பதம், கடைசியாக வேரை மண்வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இந்த வரிசையை மாற்றினால் பலன் கிடைக்காது.

எந்த மரம்?

ஆலமரத்தையே வைக்கலாமே என்று ஆசை வரும். ஆனால் ஆலிலை உள்ளங்கை அகலம், கணுக்களுக்கு இடையிலும் நீளம் அதிகம். எவ்வளவு கவாத்து செய்தாலும் ஒரு அடி மரத்துக்குப் பொருந்தும் அளவுக்கு அந்த இலை சிறுக்காது. ஃபைகஸ் மைக்ரோகார்ப்பாதான் சரியான தேர்வு. இலை சிறியது, கவாத்தில் இன்னும் சிறுக்கும், வீட்டு வெளிச்சத்தையும் ஓரளவு தாங்கும். டைகர் பார்க், கிரீன் ஐலண்ட் என்று நர்சரிகளில் விற்பவை இதன் வகைகளே. ஃபைகஸ் பெஞ்சமினாவும் விழுது விடும். ஆனால் இடம் மாற்றினாலே இலையைக் கொட்டிவிடும்.

ஜின்செங் ஃபைகஸை வாங்கி ஏமாற வேண்டாம். அதன் அடியில் கிழங்கு மாதிரி புடைத்திருப்பது விழுது அல்ல, மண்ணுக்குள் பருக்கவிட்டுப் பிறகு வெளியே தூக்கி நட்ட வேர். மேலே இருப்பது பெரும்பாலும் ஒட்டுக்கட்டிய சிறு கிளைகள். விழுது இறங்கப் படர்ந்த கிளை வேண்டும். தண்டு கட்டைவிரல் பருமனிலாவது இருந்து, கிளைகள் பக்கவாட்டில் நீண்டிருக்கும் செடியாகப் பார்த்து எடுங்கள்.

வெளிச்சம்

ஜன்னலில் இருந்து ஒரு அடிக்குள் தொட்டி இருக்க வேண்டும். அறையின் நடுவில் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்கு இருட்டு. கொசுவலையும் கறுப்பு ஃபிலிமும் இருக்கும் வெளிச்சத்தையும் குறைத்துவிடும். நண்பகலில் தொட்டி இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் தெளிவாக விழுந்தால் போதும். மங்கலாகத் தெரிந்தால் 20 முதல் 30 வாட் வரையிலான ஃபுல் ஸ்பெக்ட்ரம் எல்இடி விளக்கை உச்சிக்கு ஒரு அடி மேலே தொங்கவிட்டு, டைமர் போட்டு நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். புதுத்துளிர் கணுவுக்குக் கணு நீண்டு வெளிறினால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

மண் கலவை

3 முதல் 5 மில்லிமீட்டர் செங்கல் சல்லி இரண்டு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெண்ணிறத் துகள்) அல்லது அதே அளவுள்ள பருமணல் ஒரு பங்கு, கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மண்புழு உரமும் சரிபாதி கலந்தது ஒரு பங்கு. சல்லியைச் சலித்துத் தூளை நீக்குவது முக்கியம். தூள் தங்கினால் அடிமண் சேறாகி வேர் அழுகும். கோகோபீட்டை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை நீக்குங்கள். தொட்டியின் வடிகால் ஓட்டை மேல் வலைத்துண்டு வைத்து, மரம் ஆடாதபடி வேர்க்கட்டியைக் கம்பியால் தொட்டியோடு கட்டிவிடுங்கள். மரம் ஆடினால் புதுவேர்கள் அறுந்துபோகும்.

விழுதை வரவழைப்பது

புதிதாக நட்ட மரத்தை இதற்கு அவசரப்படுத்தக் கூடாது. புதுத்துளிர் வந்து, இலைகள் முற்றிய பிறகு தொடங்குங்கள். கோடை இதற்கு நல்ல காலம்.

வேர்முனை காற்றில் உயிரோடிருக்க 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் வேண்டும். ஏசி அறையில் இதில் பாதி இருந்தாலே அதிகம். தெளித்த தண்ணீர் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும், தொட்டிக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் கூழாங்கல் தட்டால் பெரிதாக எதுவும் மாறாது. மரத்தை மூடி வைப்பதுதான் வழி. பழைய மீன் தொட்டி, கவிழ்த்த பெரிய பிளாஸ்டிக் டப்பா, நான்கு குச்சி நட்டுச் சுற்றிய பாலித்தீன் என எதுவானாலும் சரி, வெளிச்சம் ஊடுருவ வேண்டும். உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் இருக்கட்டும், தொட்டி அதில் ஊறாமல் சிறு கல்மேல் நிற்கட்டும். சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. தினமும் கால்மணி நேரம் திறந்து காற்றோட்டம் கொடுங்கள், இல்லையேல் பூஞ்சை வரும். மூடிய பெட்டிமேல் நேர்வெயில் படவே கூடாது. ஒரே மதியத்தில் இலைகள் வெந்துவிடும்.

எந்தக் கிளையில் விழுது வேண்டுமோ அதன் நுனியைக் கிள்ளாமல் எட்டுப் பத்து இலை வரை ஓடவிடுங்கள். மற்ற கிளைகளை இரண்டு இலைக்கு வெட்டலாம். சில வாரங்களில் கிளையின் கீழ்ப்பக்கத்தில் பட்டை சிறு புள்ளிகளாகப் புடைக்கும். அதிலிருந்து வெளிறிய, ஈரம் மினுங்கும் முனை வெளிவரும். அந்த முனையை விரலால் தொடாதீர்கள். லேசாக உரசினாலே பழுப்பாகி நின்றுவிடும்.

எதுவும் வரவில்லையென்றால் கிளையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு செ.மீ. நீளத்துக்குப் பட்டையை மட்டும் சீவி, பாலைத் துடைத்து, ஐபிஏ (IBA) என்ற வேர் வளர்க்கும் மருந்து கலந்த வேர் ஊக்கிப் பொடியைத் தடவுங்கள். நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் மாஸை (ஈரத்தைப் பிடித்துவைக்கும் உலர்பாசி) வைத்துப் பாலித்தீனால் கட்டுங்கள். கிளையை மரத்திலிருந்தபடியே வேர்பிடிக்க வைக்கும் விண்பதியம் போடுவது போலத்தான், ஆனால் வளையமாகச் சீவக் கூடாது. சீவினால் வேருக்குப் பிறகு கிளையையே வெட்டி எடுக்க வேண்டிவரும்.

மண் வரை கொண்டுசெல்வது

பெரும்பாலான விழுதுகள் பாதியில் காய்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். முன்பெல்லாம் ஜூஸ் ஸ்ட்ராவைப் பயன்படுத்துவார்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019 முதல் தமிழ்நாட்டிலும் 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை இருப்பதால், 8 முதல் 10 மி.மீ. உள்விட்டமுள்ள தெளிவான பிளாஸ்டிக் ட்யூபை வாங்கிக்கொள்ளுங்கள். நீளவாட்டில் ஒரு பக்கம் பிளந்து, வேரைச் சுற்றிப் போர்த்தி, ஈரமான மாஸைத் தளர்வாக நிரப்புங்கள். அடிமுனை இரண்டு செ.மீ. மண்ணுக்குள் இறங்கட்டும். மேலிருந்து சிரிஞ்சால் தினமும் சிறிது தண்ணீர் விடுங்கள். வேர் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும்.

கிளைக்கு வளைவு தர வேண்டுமென்றால் வேர் மண்ணைத் தொடுவதற்கு முன்பே 1.5 முதல் 2.5 மி.மீ. அலுமினியக் கம்பி சுற்றி முடித்துவிடுங்கள். மண்ணில் ஊன்றிய விழுது சுருங்கி விறைக்கும். தளர்வாக வளைந்து தொங்கியது நேராகி, மெல்லிய கிளையைக் கீழே இழுக்கும். அதன்பிறகு கிளையை நகர்த்த முயன்றால் விழுது அறும்.

விழுது தீக்குச்சிப் பருமனாகி, பழுப்புப் பட்டை படிந்ததும் ட்யூபைப் பிளவில் சற்று விரித்து ஒரு வாரம் விட்டுவிட்டுப் பிறகு கழற்றுங்கள். மரத்தையும் பெட்டியிலிருந்து சட்டென்று எடுக்காமல், திறந்து வைக்கும் நேரத்தை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

இன்ன இடத்தில்தான் விழுது வேண்டும் என்றால், அதே மரத்தின் நீண்ட மெல்லிய குச்சியை வேர்பிடிக்க வைத்து, கிளைக்கு நேர் கீழே நடுங்கள். கிளையில் துளையிட்டு, குச்சியின் நுனியை மேல்நோக்கி நுழைத்துவிடுங்கள். இரண்டும் பருத்து ஒட்டிக்கொண்டதும் மேல்நுனியை வெட்டினால் எஞ்சியது விழுது.

வந்த எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முன்பக்கம் தண்டை மறைப்பதையும் குறுக்கே ஓடுவதையும் வெட்டுங்கள். அருகருகே இறங்கும் இரண்டைச் சேர்த்துக் கட்டினால் நாளடைவில் ஒன்றாகி நல்ல தூணாகும். கொல்கத்தாவை அடுத்த ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில், பூஞ்சை தாக்கிய மூலத்தண்டை 1925-ல் வெட்டி எடுத்துவிட்டார்கள்; இன்றுவரை மரம் விழுதுகளில்தான் நிற்கிறது. தொட்டியிலும் விழுது அப்படித் தாங்குவதாகத் தோன்ற, எண்ணிக்கையைவிட நிற்கும் இடம் முக்கியம்.

பராமரிப்பு

மேல்மண் ஒரு செ.மீ. உலர்ந்ததும் அடியில் வடியும்வரை தண்ணீர் விடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்மேல் வெள்ளைப் படிவு வரும், வேர்முனை கருகும். மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ கலந்துகொள்ளுங்கள். துளிர்க்கும் காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), லிட்டருக்கு ஒரு கிராம்.

இலை நடுநரம்பில் மடிந்து செம்புள்ளியோடு இருந்தால் உள்ளே இலைப்பேன். மருந்து மடிப்புக்குள் சரியாக எட்டாது, இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். விழுது கிளையோடு சேரும் இடுக்கை மறக்காதீர்கள். ஃபைகஸ் பால் தோலில் அரிக்கும், பூனை நாய்க்கும் ஆகாது. வெட்டும்போது கையுறை போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

இடம் மாற்றியதும் இலை கொட்டினால் பயந்து தண்ணீரைக் கூட்டாதீர்கள். பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், பச்சை இருந்தால் துளிர்க்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் விலகிய பிறகு, மண் மாற்றி வேரில் மூன்றில் ஒரு பங்குவரை வெட்டலாம். அந்த ஆண்டு மண்ணில் இறங்கிய புது விழுதுகளின் அடிவேரை மட்டும் அந்த முறை தொடாமல் விட்டுவிடுங்கள்.