ஏத்தி இறக்கிற தூக்கு விளக்கு, பிளாட் வீட்டு சாமியறைக்கு எப்பிடிச் செய்யிறது

தூக்கு விளக்கு வாங்குறது பெரிய வேலையில்ல, கொழும்புச் செட்டியார் தெருவில பூசைச் சாமான் கடையில நிண்டு பாத்தா சின்னது பெரிசு எண்டு தொங்கும். சிக்கல் வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான். கைக்கு எட்டுற உயரத்தில தொங்கவிட்டா எல்லாரும் தலையை இடிப்பினம், தலை இடிக்காத உயரத்தில விட்டா அம்மம்மா கதிரை போட்டு ஏறித்தான் எண்ணெய் விடோணும், கொளுத்தோணும். அதால இறக்கிக் கொளுத்திப்போட்டு மேல ஏத்தி விடுற மாதிரி ஒரு ஏற்பாடு வேணும். இதுக்கு நாலைஞ்சு வழி இருக்கு, எல்லாத்தையும் சொல்லுறன், ஆனா முதலே ஒண்டு சொல்லிப்போடுறன்: எண்ணெய் எரிய எரிய விளக்கின்ர பாரம் குறையும், முக்கால்வாசி ஏற்பாடு பிழையாப் போறது இதை யோசிக்காமச் செய்யிறதாலதான்.

முதல்ல உயரத்தைப் பிடிங்கோ. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து பிளாட்டுகளில சிலாப் அநேகமா ஒன்பதரை அடி மட்டில வரும், உங்கட வீட்டை டேப் வச்சு அளந்து பாருங்கோ. மேல ஏத்தின நேரம் விளக்கின்ர அடி ஆறரை அடியில நிக்கட்டும், அப்பதான் உயரமான ஆளும் இடிக்காமப் போவார். சுடருக்கும் சிலாப்புக்கும் நடுவில ரெண்டரை அடியாவது இருக்கோணும், அதுக்குக் கிட்டவெண்டா கரி பிடிச்சு மேல ஒரு கறுப்பு வட்டம் விழும், ஜிப்சம் சீலிங் போட்ட வீடெண்டா இன்னும் கூட இடைவெளி விடுங்கோ. இறக்கின நேரம் நாலு அடி, நெஞ்சு மட்டம், நிண்டபடியே திரியைத் தள்ளலாம். ஆக விளக்கு ஓடவேண்டிய தூரம் ரெண்டரை அடிதான். இந்தச் சின்னத் தூரத்துக்கு மோட்டர் பூட்டுற ஆக்களும் இருக்கினம், எனக்கு அது தேவையில்லாத செலவாத்தான் படுது, கரண்ட் போற நேரம் விளக்கு மேலேயே நிக்கும்.

ஆகச் சுகமான வழி சங்கிலியும் எஸ் கொழுக்கியும். மேல ஒரு கொழுக்கி, அதில நீளமான சங்கிலி, விளக்கின்ர வளையத்தில ஒரு எஸ் கொழுக்கி, வேணுமான கண்ணியில மாட்டுறது, அவ்வளவுதான். விழாது, பழுதாகாது, காசும் குறைவு. ஆனா ஒவ்வொரு தரமும் விளக்கை ஒரு கையால தாங்கிக்கொண்டு மற்றக் கையால கண்ணி தேடோணும், எரியிற விளக்கோட அதைச் செய்யேலாது. வருசத்தில ஒருக்கா ரெண்டு தரம் உயரம் மாத்துற ஆக்களுக்கு இது காணும், ஒவ்வொரு நாளும் கொளுத்துற வீட்டுக்குச் சரிவராது.

அடுத்தது பல்லுச் சட்டம். ஜெர்மனிப் பக்கத்து யூத வீடுகளில நட்சத்திர வடிவத்தில ஒரு பித்தளை எண்ணெய் விளக்கு தொங்கும், அதின்ர மேல்தண்டு ரம்பம் மாதிரிப் பல்லு வெட்டினது. வெள்ளிக்கிழமை பொழுதுபட முதல் அதை இறக்கிக் கொளுத்துவினம், விளக்கு கீழ இறங்கினா கவலை மேல ஏறும் எண்டு ஒரு பேச்சும் அவையிட்ட இருந்தது. உள்ளுக்குள்ள பெரிய வித்தையில்ல. ரெண்டு தட்டைச் சட்டம், ஒண்டு மேல கொழுக்கியில தொங்கும், அதின்ர நுனியில ஒரு வளைவு, மற்றது விளக்கைத் தாங்கும், அதின்ர ஓரத்தில சாய்வாப் பல்லு. பல்லின்ர கீழ்ப்பக்கம் உள்ளுக்குச் சாய்ஞ்சு வெட்டியிருக்கிறதால பாரம் இழுக்க இழுக்க வளைவு பல்லுக்குள்ள இன்னும் இறுகும், விளக்கைக் கொஞ்சம் தூக்கிச் சரிச்சால்தான் விடும். இதில எனக்குப் பிடிச்ச விசயம் என்னெண்டா எண்ணெய் கூடக் குறைய இருந்தாலும் இதுக்குக் கவலையில்ல, பாரம் மாறினாலும் பல்லு பல்லுதான். லேத் வேலை செய்யிற பாஸ் ஒருத்தரிட்ட 20 மில்லிமீட்டர் அகலம் 5 மில்லிமீட்டர் தடிப்புப் பித்தளைச் சட்டம் குடுத்தா வெட்டித் தருவார், பல்லு வெட்டக் காசு கூட எண்டு சொன்னா ரெண்டு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட்டு ஒரு முளை செருகிற மாதிரியும் செய்யலாம், வடிவு குறைவு, வேலை ஒண்டுதான்.

இனி கப்பியும் எதிர்ப்பாரமும். ஊர்க் கிணத்துத் துலாவில ஒரு பக்கம் வாளி, மற்றப் பக்கம் பாரம், அதே கணக்குத்தான் இது. ஐரோப்பாவில 19ஆம் நூற்றாண்டில சாப்பாட்டு மேசைக்கு மேல தொங்கின மண்ணெண்ணெய் விளக்குகளும் இப்பிடித்தான், ஒரு விரலால தள்ள ஏறும், இழுக்க இறங்கும், விட்ட இடத்தில நிக்கும். அந்த விட்ட இடத்தில நிக்கிறதுதான் கஷ்டம், அதால இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

விளக்கு வெறும் பாரம் ஒண்டரைக் கிலோ எண்டு வையுங்கோ. எண்ணெய் 200 மில்லிலீட்டர் விட்டா, தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ லீட்டருக்கு 920 கிராம் மட்டில வரும், அப்ப 185 கிராம் கூடும். எதிர்ப்பாரத்தை வெறும் விளக்குக்குச் சமனா வச்சா எண்ணெய் விட்ட உடன கீழ இறங்கும், நிறைஞ்ச விளக்குக்குச் சமனா வச்சா ராவில எண்ணெய் முடிய முடியத் தன்ர பாட்டில மேல ஏறும். அதால நடுவில வையுங்கோ, ஒரு கிலோ 590 கிராம் மட்டில. அப்பவும் ரெண்டு பக்கமும் 90 கிராம் வித்தியாசம் இருக்கும், அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது கப்பியின்ர உரசல்தான். இங்கதான் கனபேர் காசு குடுத்துப் பிழையான சாமானை வாங்குறது. பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடையில போய்க் கப்பி கேட்டா கதை இப்பிடித்தான் போகும்:

"கிணத்துக்கா தம்பி?"

"இல்ல நானா, விளக்குத் தூக்க."

"அப்ப பெயரிங் வச்சது எடுங்க, சத்தமில்லாம ஓடும்."

வேண்டாம். பெயரிங் கப்பியில உரசலே இல்லை, 90 கிராமுக்கே விளக்கு நழுவத் தொடங்கும். சாதாரண அச்சாணியும் பித்தளைப் புஷ்ஷும் வச்ச கப்பி கேளுங்கோ, சக்கரம் 40 மில்லிமீட்டராவது இருக்கட்டும், சின்னச் சக்கரத்தில வளைஞ்சு வளைஞ்சு கம்பிக் கயிறு இழை இழையா அறுந்துபோகும். வெள்ளவத்தையில கடல் காத்துக்கு நாகம் பூசின இரும்பு (ஜி.ஐ.) சாமான் கெதியாத் துருப்பிடிச்சுக் கீச்சிடும், ஸ்டெயின்லெஸ் எடுங்கோ.

இன்னொண்டு, கப்பிக்கு மேலால சங்கிலியை ஓடவிடாதீங்கோ. பாக்க வடிவாத்தான் இருக்கும், ஆனா சங்கிலிக்கும் பாரம் இருக்கல்லோ. மீட்டருக்கு 300 கிராம் வாற பித்தளைச் சங்கிலி எண்டா, விளக்கை ஒரு மீட்டர் இறக்கினா விளக்குப் பக்கம் 300 கிராம் கூடும், எதிர்ப்பக்கம் 300 கிராம் குறையும், ஆக வித்தியாசம் 600 கிராம், எண்ணெய்க் கணக்கெல்லாம் இதுக்கு முன்னால ஒண்டுமே இல்ல. இறங்கினா இன்னும் இறங்கப் பாக்கும், ஏறினா இன்னும் ஏறப் பாக்கும். கப்பியில ஓடுறது 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பிக் கயிறா இருக்கட்டும், அது மீட்டருக்கு 20 கிராமும் வராது. விளக்குக்கு மேல ரெண்டு அடிக்கு மட்டும் பித்தளைச் சங்கிலி, வடிவுக்கும் ஆச்சு, சூட்டுக்கும் ஆச்சு. நைலோன் கயிறு, பருத்திக் கயிறு ரெண்டும் சரிவராது, ஒண்டு உருகும் மற்றது பத்தும்.

கம்பிக் கயிறின்ர நுனியை வளைச்சுக் கிளிப் போடுறதைக் கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ. கிளிப்பில ரெண்டு துண்டு இருக்கும், யூ மாதிரி வளைஞ்ச போல்ட், பள்ளம் வெட்டின கட்டை. பாரம் தாங்குற நீளக் கயிறு கட்டையின்ர பள்ளத்தில இருக்கோணும், வெட்டின குட்டை வால் யூ போல்ட்டின்ர பக்கம் வரோணும். மாறிப் போட்டா போல்ட் பாரக் கயிறை நசிச்சுப்போடும், அண்டைக்கே ஒண்டும் நடக்காது, கொஞ்ச நாளில நசிஞ்ச இடத்தில இழை பிரியும். ஒரு நுனிக்கு ரெண்டு கிளிப், பாரம் தொங்கவிட்ட பிறகு நட்டை இன்னொருக்கா இறுக்குங்கோ.

எதிர்ப்பாரத்தை விளக்குக்கு மேல நேரா வைக்காதீங்கோ. விளக்குக்கு மேல ஒரு கப்பி, சுவரோரம் இன்னொரு கப்பி, கயிறு சிலாப்படியால போய்ச் சுவரால இறங்கட்டும். சுவரில ஒரு 110 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பை நட்டமாப் பூட்டி அதுக்குள்ள பாரத்தை ஓட விட்டா ஆருக்கும் படாது, சுவரின்ர நிறத்தில பெயின்ற் அடிச்சா ஆரும் கவனிக்கவும் மாட்டினம். பாரத்துக்கு ஒரு ஒடுங்கின டின், உள்ளுக்கு இரும்பு நட்டு. நட்டு ஏனெண்டா ஒண்டு ரெண்டு போட்டு எடுத்துச் சமன் பாக்கலாம். ஈயம் உருக்கி ஊத்துறன் எண்டு வெளிக்கிடாதீங்கோ, அந்தப் புகை பிள்ளையள் இருக்கிற வீட்டுக்குக் கூடாது. சமன் பாக்கிறது இப்பிடி: அரைவாசி எண்ணெய் விட்டு விளக்கை நடு உயரத்தில நிப்பாட்டி, நட்டைக் கூட்டிக் குறைச்சு அசையாம நிக்கப் பண்ணுங்கோ. பிறகு எண்ணெயை நிரப்பி ஆகக் கீழ விட்டுப் பாருங்கோ, எண்ணெயை ஊத்திப்போட்டு வெறுமையா ஆக மேல விட்டுப் பாருங்கோ. ரெண்டிலயும் நிண்டா சரி. நிக்காட்டி கப்பி அச்சின்ர நட்டைக் கொஞ்சம் இறுக்குங்கோ, அதுவும் காணாட்டி சுவரில ஒரு கொழுக்கி அடிச்சு அதில கயிறைச் சுத்துங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்ல. மினுக்க எண்டு விளக்கைக் கழட்டுற நேரம் முதல் பாரத்தைக் கட்டிப்போட்டுத்தான் கழட்டோணும், இல்லாட்டி மற்றப் பக்கம் தடாரெண்டு விழும்.

தூண்டாமணி விளக்கு வச்சிருக்கிற ஆக்கள் நினைப்பினம், எங்கடதில எண்ணெய் மட்டம் குறையாதே, அப்ப பாரமும் மாறாது எண்டு. மட்டம் தான் மாறாது. மேல இருக்கிற மூடின பாத்திரத்தில இருந்து எண்ணெய் கீழ இறங்கி எரியுது, மொத்தப் பாரம் குறைஞ்சுகொண்டுதான் போகும். கேகாலைப் பக்கம் தெதிகமவில 1951ல தோண்டி எடுத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கும் இதே மாதிரித்தான், யானையின்ர வயித்துக்குள்ள எண்ணெய், கீழத் தட்டில மட்டம் குறைஞ்சா உள்ளுக்குக் காத்துப் போகும், போன அளவுக்கு எண்ணெய் வெளியில வரும். எங்கால வரும் எண்டதை நேரில போய்ப் பாருங்கோ, செய்தவருக்கு நல்ல பகிடி இருந்திருக்கு. அப்பிடியான விளக்குகள் நிறைய எண்ணெய் பிடிக்கும், ஆனபடியா எதிர்ப்பாரம் வேண்டாம், பல்லுச் சட்டம்தான் பொருத்தம்.

சிலாப்பில கொழுக்கி போடுறதுக்கு வருவம். ஓட்டைக்குள்ள செருகிற பிளாஸ்டிக் ரோல் பிளக்கைச் சிலாப்பில இருந்து கீழ இழுக்கிற பாரத்துக்கு நம்பாதீங்கோ, காலம் போகக் கழண்டு வரும். இரும்பு ஆங்கர் போல்ட், 8 மில்லிமீட்டர், ஹாமர் டிரில்லால ஓட்டை போட்டு இறுக்குறது. ஜிப்சம் சீலிங்கில ஒருக்காலும் இல்ல, அதை வெட்டி மேல சிலாப்புக்குப் போகோணும். லைட் பொயின்ற்றுக்குக் கிட்ட ஓட்டை போட முதல் வயர் எங்கால போகுது எண்டு கேளுங்கோ. கப்பி தொங்குற கொழுக்கிக்கு விளக்கின்ர பாரம் மட்டும் வாறதில்ல, எதிர்ப்பாரமும் சேர்ந்து இழுக்கும், இதோட எப்பவாவது ஒரு பிள்ளை எட்டிப் பிடிச்சுத் தொங்கும். அதால ஒரு பெரிய வாளியில 20 லீட்டர் தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பாத்திட்டுத்தான் விளக்கை மாட்டுங்கோ, கீழ பழைய மெத்தை ஒண்டு போடுங்கோ.

விளக்கு வாங்கேக்க மூண்டு சங்கிலியில தொங்குறதா பாருங்கோ, மட்டம் பிசகாது, ஒற்றைத் தண்டு கொஞ்சம் சரிஞ்சாலும் ஒரு பக்கத்தால எண்ணெய் வழியும். திரி வைக்கிற மூக்கு சங்கிலிக்கு நேர கீழ வரக்கூடாது, ரெண்டு சங்கிலிக்கு நடுவில வரோணும், நேர கீழ வந்தா சங்கிலி சுட்டுக் கறுத்து, பழப்புளி போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் அந்தக் கறை போகாது. அடியில ஒரு சின்னத் தட்டும் தொங்கட்டும். திரியால எண்ணெய் ஊறி வெளிப்பக்கத்தால இறங்கிக்கொண்டே இருக்கும், டைல்ஸ் தரையில ரெண்டு சொட்டு விழுந்தா விடிய எழும்பி வாற ஆள் வழுக்கி விழும். சங்கிலிக்கும் கயிறுக்கும் நடுவில ஒரு சுழல் கொழுக்கி போட்டா முறுக்கு ஏறாது.

சீலிங் ஃபான் இருக்கிற அறையெண்டா இதெல்லாம் செய்தும் பிரயோசனமில்ல, சுடர் நிக்காது, ஃபானை நிப்பாட்டிப்போட்டுக் கும்பிடுற பொறுமை கொழும்பு வெக்கைக்கு ஆருக்கும் இல்ல. ஃபான் கொழுக்கியிலேயே விளக்கைத் தொங்கவிடலாமா எண்டு கேட்டா, கூடாது, அதின்ர அதிர்வுக்குக் கிளிப் நட்டெல்லாம் தளரும். வாடகை வீட்டில சிலாப்பைத் துளைக்க ஓனர் விடமாட்டார், அப்ப சுவரில ஒரு இரும்பு பிராக்கெட், சுவரில இருந்து ஒண்டரை அடி வெளியில நீட்டி, அதில பல்லுச் சட்டம். வீடு மாறேக்க ரெண்டு ஓட்டையை சிமெந்து வச்சு மூடிப்போட்டு விளக்கோட சட்டத்தையும் கழட்டிக்கொண்டு போகலாம்.