மூளையின் ஆழத்தில் கட்டி: வீட்டில் நடக்கும் தவறுகள்

தலாமஸ், பினியல், மூளைத்தண்டு போன்ற மூளையின் ஆழமான இடங்களில் வளரும் கட்டியை எட்ட வேண்டுமென்றால், நல்ல மூளையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் வீட்டில் செய்யும் சின்னத் தவறுக்கும் இங்கே விலை அதிகம்.

சென்னையில் காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.எச்.சுக்கோ கிளம்பும்போது பலர் பிலிமையும் ரிப்போர்ட்டையும் மட்டும் கொண்டுபோகிறார்கள். ஸ்கேன் சி.டி. பீரோவிலேயே கிடக்கும். கட்டியிலிருந்து சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்கும் (பயாப்ஸி) ஊசி எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று நேவிகேஷன் கருவி கணக்குப் போடுவது சுமார் 1 மி.மீ. அடுக்குகளாக எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களை வைத்துத்தான். பிலிமை வைத்து அதைச் செய்ய முடியாது.

சிகிச்சை தரும் எங்களை அதிகம் கவலைப்படுத்துவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. கட்டியைச் சுற்றியுள்ள நீர்வீக்கத்தை அது வற்றவைக்கும். ஓரிரு நாளில் தலைவலி விலகும், தளர்ந்த கைக்குத் தெம்பு வரும். "சரியாயிடுச்சே" என்று மாத்திரையையும் நிறுத்தி, ஆபரேஷன் தேதியையும் தள்ளிப்போடுகிறார்கள். வற்றியது வீக்கம் மட்டும்தான். கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. சில வாரங்கள் இந்த மாத்திரை போட்டால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பும், பி.பி. இறங்கும், வாந்தியும் மயக்கமும் வரும். டாக்டர் எழுதித் தந்த கணக்குப்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வெறும் வயிற்றில் போடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நாட்களில் அளவு ஏறும், அடிக்கடி பாருங்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடுவது இன்னும் மோசம். லிம்போமா (வெள்ளணுக்களில் தொடங்கும் புற்றுநோய்) வகைக் கட்டியாக இருந்தால் இந்த மருந்திலேயே தற்காலிகமாகச் சுருங்கிவிடும். பயாப்ஸி எடுத்தாலும் விடை கிடைக்காமல் போகலாம்.

"ஊசி பட்டா பரவிடும்" என்ற பயத்தில் பயாப்ஸியை மறுப்பதும், "எடுத்தா முழுசா எடுங்க" என்று அடம்பிடிப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். பினியல் பகுதியில் வரும் ஜெர்மினோமா என்ற வகைக் கட்டி கதிர்வீச்சுக்கே நன்றாகக் கரையும். அதற்குப் பெரிய ஆபரேஷன் தேவைப்படாமலே போகலாம். மூளைத்தண்டில் பரவலாக ஊடுருவிய கட்டியை முழுசாக எடுக்கவே முடியாது. எந்த வகை என்று தெரிய, பல நேரம் அரிசி அளவுச் சதையே போதும்.

தேங்கிய மூளைநீரை வடிக்க ஷன்ட் என்ற குழாய் வைத்தால் தலைவலி போய்விடும். கட்டி போய்விட்டதாக நினைக்காதீர்கள். பிறகு மறுபடி தலைவலி, வாந்தி, தூங்கி வழிவது என்று ஆரம்பித்தால் ஷன்ட் அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷன் அன்று விடிகாலையில், "ஒரு வாய்தானே" என்று பால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். மயக்க மருந்து டாக்டருக்குப் பால் டீ சாப்பாட்டுக் கணக்கு. 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். அன்றைய கேஸ் தள்ளிப்போகும். ஆனால் வலிப்பு மாத்திரையை விடக் கூடாது. டாக்டரிடம் கேட்டு, ஒரு மடக்குத் தண்ணீரில் போட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் நீங்களாக நிறுத்துவது ஆபத்து.

வீடு திரும்பிய பிறகு தையல்மேல் மஞ்சளோ எண்ணெயோ வேண்டாம். தலையணை உறையில் தண்ணீர் மாதிரி ஈரம் தெரிந்தால் அது வியர்வை என்று விடாதீர்கள். மூளைநீர் கசிந்தால் மூளைக்காய்ச்சல் வரலாம். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்காமல் அன்றைக்கே காட்டுங்கள், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.