பத்து மெஷின் தையல் யூனிட்டுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை பிடிப்பது எப்படி?

திருப்பூரில் பெரிய பனியன் கம்பெனிகள் எல்லா வேலையையும் தாங்களே செய்வதில்லை. நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல், காஜா பட்டன் எல்லாமே வெளியில் ஜாப் ஒர்க்காகப் போகும். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது தையலுக்கு ஆள் தேடுவார்கள். அப்போது உங்கள் யூனிட் அவர்கள் நினைவுக்கு வர வேண்டும்.

முதல் வேலை, உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதார், பான் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. இதன் பலன் பணம் வாங்கும்போது தெரியும்.

அடுத்து, உங்கள் தையல் மெஷின்களில் ஓவர்லாக் எத்தனை, ஃபிளாட்லாக் எத்தனை, சிங்கர் எத்தனை, ஒரு நாளில் எத்தனை பீஸ் இறங்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். தைத்த பீஸ் இரண்டு மூன்றோடு புரொடக்‌ஷன் மேனேஜரைப் பாருங்கள். அவர் உடனே உள்பக்கத்தைத் திருப்பி, கழுத்து ரிப்பை இழுத்துப் பார்ப்பார். நூல் பிசிறு தொங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சாம்பிள் ஓகே ஆனதும் ரேட். பக்கத்து யூனிட் வாங்கும் ரேட்டை வைத்துப் பேசாதீர்கள். கூலி, வாடகை, கரண்ட், நூல் சேர்த்து உங்கள் ஒரு நாள் செலவு 9,000 ரூபாய், 600 பீஸ் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பீஸுக்கு 15 ரூபாய் அடக்கம். புது ஸ்டைலில் முதல் இரண்டு நாள் பாதிதான் இறங்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, கட்டிங், அதாவது தைக்க வேண்டிய வெட்டிய துணித் துண்டுகள், வந்து இறங்குகிறது. இங்கே அவசரம் கூடாது. என் முதல் ஆர்டரில் டெலிவரி சலானில் 1,200 என்றிருந்தது. எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன். தைத்து முடித்தபோது 1,158 பீஸ்தான். குறைந்த 42 பீஸுக்கும் துணி விலை போட்டுப் பில்லில் பிடித்துக்கொண்டார்கள். இன்று வரை பண்டல் பிரித்து எண்ணாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. டிரைவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

துண்டுகளில் ஒட்டியிருக்கும் நம்பர் ஸ்டிக்கரைத் தைக்கும்வரை பிய்க்க விடாதீர்கள். 7-ம் நம்பர் முன்பக்கத்தோடு 8-ம் நம்பர் கை சேர்ந்தால் ஷேடு வித்தியாசம் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் பணம். எழுத்தில் ஒப்பந்தம் போட்டால் அதில் சொன்ன கெடுவுக்குள் கம்பெனி தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். இது 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. எனவே பில்லின் மேலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். பீஸை ஒப்படைக்கும் அன்றே சலான் நகலில் எண்ணிக்கை, தேதி, கையெழுத்து மூன்றையும் வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுக்க வேண்டும்.