காத்திருப்பு நீளும்போது வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொள்வது எப்படி

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை, அதாவது தேவன் தரும் வாக்காக ஒரு வேதவசனம் எழுதிய அட்டை எடுக்கும் வழக்கம் வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று நம் பக்கத்துச் சபைகள் பலவற்றில் உண்டு. எடுத்த அட்டை பீரோக் கண்ணாடிக்கோ வேதப்புத்தகத்துக்குள்ளோ போய்விடும். பிள்ளை வரத்துக்காகவும், மகளின் திருமணத்துக்காகவும், டி.என்.பி.எஸ்.சி. முடிவுக்காகவும், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகவும் காத்திருப்பவர்கள் அந்த ஒரு வசனத்தை ஆண்டு முழுவதும் பிடித்துக்கொள்கிறார்கள். அக்னி நட்சத்திரம் வரும்போது பலருக்கு அந்த அட்டையைப் பார்க்கவே மனம் கசந்துவிடுகிறது. "எனக்கு விசுவாசம் போதவில்லை" என்று தங்களையே குற்றப்படுத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை அவர்களிடம் இல்லை. அந்த வசனம் யாருக்கு, எதை, எந்த நிபந்தனையோடு கொடுக்கிறது என்று பார்க்க யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அதை முதலில் கற்க வேண்டும்.

வசனத்தைப் பத்திரம்போல் வாசியுங்கள்

நிலம் வாங்கும் எவரும் பத்திரத்தில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுப் பணம் கொடுப்பதில்லை. எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார், நான்கெல்லை எது, நிபந்தனை என்ன, சாட்சி யார் என்று பார்க்கிறோம். வேதமும் இப்படித்தான் பேசுகிறது. எரேமியா 32-ஆம் அதிகாரத்தில் எருசலேம் முற்றுகையில் இருக்கும்போதே, தீர்க்கதரிசி ஆனதோத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். அநேக நாள் கெடாமல் இருக்கும்படி பத்திரம் மண்பாண்டத்தில் வைக்கப்படுகிறது. கர்த்தர் சொன்னது நடக்க நாள் ஆகும் என்று தெரிந்துதான் அந்த ஏற்பாடு.

நீங்கள் பற்றியிருக்கும் வசனத்தை எடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு முழு அதிகாரத்தை வாசித்து, நான்கு கேள்விகளுக்குப் பென்சிலால் பதில் எழுதுங்கள்: இது யாரிடம் சொல்லப்பட்டது? கொடுக்கப்படுவது என்ன? "நீ இப்படிச் செய்தால்" என்ற நிபந்தனை உண்டா? கிறிஸ்துவின் வழியாக இது என்னிடம் எப்படி வந்து சேருகிறது?

அட்டைகளில் மிக அதிகமாக வரும் எரேமியா 29:11-ஐ வைத்தே செய்து பார்க்கலாம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனமே 70 ஆண்டுகள் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பக் காணவே இல்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, 2 ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தருடைய பெயரால் சொன்னான். மக்களுக்கு அந்த வார்த்தைதான் இனித்தது. அது பொய்யாகவும் இருந்தது. ஆகவே இந்த வசனத்தை "இந்த ஆண்டுக்குள் நடக்கும்" என்று எடுத்துக்கொள்வது, எரேமியாவின் கடிதத்தில் அனனியாவின் தேதியைச் செருகுவதாகும். நமக்கு அதில் இருப்பது வேறு: தம் ஜனத்தை ஒழுங்குபடுத்தும் காலத்திலும் தேவன் அவர்களை மறக்கவில்லை, சொன்ன ஆண்டுக் கணக்கை அவர் காத்தார், அந்த நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை. எண்ணிப் பார்த்தால் இது அட்டையில் இருந்ததைவிடக் கனமான வார்த்தை.

"உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற உபாகமம் 28:13-ம் அப்படியே. அதே அதிகாரத்தில் கீழ்ப்படிதல் என்ற நிபந்தனை வெளிப்படையாக இருக்கிறது, சாபங்களின் பட்டியல் ஆசீர்வாதங்களைவிட நீளமாக இருக்கிறது. பதவி உயர்வுக்கான உத்தரவாதமாக அதை எடுப்பவர்கள் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நமக்கென்று எழுதப்பட்டது எது? எரேமியா 31:31-34, எபிரெயர் 8-ஆம் அதிகாரம், லூக்கா 22:20. கிறிஸ்துவின் வழியாகத் தேவன் செய்த புதிய உடன்படிக்கையின் சொத்து விவரம் அங்கே இருக்கிறது: பாவ மன்னிப்பு, இருதயத்தில் எழுதப்பட்ட நியாயப்பிரமாணம், "நான் அவர்கள் தேவனாயிருப்பேன்" என்ற உறவு. இதோடு சகல நாட்களிலும் நம்முடன் இருப்பேன் என்ற இயேசுவின் வார்த்தையும், உயிர்த்தெழுதலும் சேரும். குழந்தை பிறக்கும் மாதமோ, மாப்பிள்ளை அமையும் தேதியோ, வேலை நியமன ஆணையோ அதில் இல்லை. அவற்றைக் கேட்கலாம், கண்ணீரோடு கேட்கலாம், தகப்பனிடம் கேட்பதுபோல் கேட்கலாம். ஆனால் பத்திரத்தில் எழுதாததைப் பத்திரத்தில் இருப்பதாகச் சொல்லக்கூடாது. ஏமாற்றம் பிறக்கும் இடம் இதுதான்.

அழைப்புக்கும் வாக்குத்தத்தத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கே முக்கியம். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கியது 1900-இல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல் வந்தது, எம்.பி.பி.எஸ். படிப்பு 1942-இல்தான். வேலூரில் மருத்துவமனை எழும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. அவர் பெற்றது அழைப்பு. அதில் அவர் நிலைத்திருந்ததற்கு ஆதாரம், தேவன் உண்மையுள்ளவர் என்ற பழைய வாக்கு.

நோட்டுப் புத்தகம்

80 பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடிட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் உடன்படிக்கை சொல்வது, இரண்டாவதில் நான் கேட்பது, மூன்றாவதில் நானாகச் சேர்த்துக்கொண்டது. உதாரணமாக: "என்னை விட்டு விலகமாட்டார்" / "எங்களுக்குப் பிள்ளை வேண்டும்" / "அடுத்த கல்யாண நாளுக்குள் வேண்டும்." மூன்றாம் பத்தியை நேர்மையாக எழுதுவதுதான் கடினம். அங்கே தேதிகளும், ஒப்பீடுகளும் ("அவளுக்குக் கிடைத்ததே"), பேரங்களும் வந்து விழும். அழிக்க வேண்டாம், இருக்கட்டும். வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை 15 நிமிடம் போதும். தினமும் எழுதத் தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் நின்றுபோகும்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பப் படிக்கும்போது, உங்கள் கோபம் பெரும்பாலும் மூன்றாம் பத்தியைப் பற்றியது என்று தெரியவரும். முதல் பத்தியில் எந்த வரியும் பொய்த்திருக்காது.

ஏன் அது பொய்க்காது

ஆதியாகமம் 15-ஐ நிதானமாக வாசியுங்கள், இந்த முழு விஷயத்தின் அடித்தளம் அது. இந்தத் தேசத்தை உனக்குத் தருவேன் என்ற வாக்கைக் கேட்டு, "எதினால் அறிவேன்" என்று ஆபிராம் கேட்கிறார். கர்த்தர் அந்தக் கேள்விக்குக் கோபப்படவில்லை. மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு கொண்டுவரச் சொல்கிறார். மிருகங்களைத் துண்டித்து நடுவே கடந்துபோவது அக்கால உடன்படிக்கை முறை. வாக்கை மீறினால் எனக்கும் இதே கதி என்று பொருள் (எரேமியா 34:18-20 இதை விளக்குகிறது). இருவரும் கடக்க வேண்டிய இடத்தில் ஆபிராம் அயர்ந்து தூங்குகிறார். புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் கடந்துபோகின்றன. தேவன் தனியாக, தம்மீதே பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அன்று ஆபிராம் செய்த வேலை ஆயத்தம்பண்ணியதும், உடல்கள்மேல் இறங்கிய பறவைகளைத் துரத்தியதும்தான்.

இதிலிருந்து இரண்டு நடைமுறை முடிவுகள் வருகின்றன. ஒன்று, உங்கள் விசுவாசத்தின் அளவு வாக்குத்தத்தத்தின் பலம் ஆகாது. பலவீனமான நாட்களிலும் அது அப்படியே நிற்கிறது. இரண்டு, அதை விரைவுபடுத்தப் பணத்தாலோ பொருத்தனையாலோ (நேர்த்திக்கடனாலோ) முடியாது. "இவ்வளவு விதைக் காணிக்கை போட்டால் இந்த மாதத்துக்குள் அற்புதம்" என்று மேடையில் கேட்டால், கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைக்காதீர்கள். தேவன் ஒருவராய்க் கடந்துபோன இடத்தில் நாம் சேர்க்கப் பணம் இல்லை. காணிக்கை நன்றியாகக் கொடுப்பது, அது வேறு.

அதே அதிகாரத்தில் தாமதத்துக்குக் காரணமும் சொல்லப்படுகிறது. ஆபிராமின் சந்ததி அந்நிய தேசத்தில் காத்திருக்க வேண்டிய 400 ஆண்டுகள் ஏன்? அந்தத் தேசத்தில் குடியிருந்த எமோரியருடைய அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை. ஆபிராமின் காத்திருப்பில் அவருக்குத் தெரியாத வேறொரு ஜனத்தின் கணக்கும் கலந்திருந்தது. எல்லாத் தாமதத்துக்கும் நம் பாவமே காரணம் என்று தேடிக் களைத்துப்போகிறவர்கள் இந்த வசனத்தைக் கவனிக்க வேண்டும்.

இடைக்காலத்தில் செய்ய வேண்டியவை

எரேமியாவின் கடிதம் காத்திருப்பவர்களுக்கு வேலை கொடுக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், மணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். தேர்வு முடிவு வரும்வரை வேறு வேலைக்குப் போவது அவிசுவாசம் ஆகாது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்துகொண்டே ஆசிரியர் பணிக்குக் காத்திருக்கலாம்.

மருந்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் பல மாநிலத்துக் குடும்பங்கள் காத்திருக்கும் ஊர் இது. இங்கேயும் "விசுவாசிக்கிறேன்" என்று இன்சுலினையோ, வலிப்பு மாத்திரையையோ, காசநோய் மாத்திரையையோ பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. மரணத்துக்கேதுவான நோயில் கிடந்த யூதாவின் ராஜா எசேக்கியாவுக்கு 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுப்பதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதன்பிறகும் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டும்படி ஏசாயா சொன்னார் (ஏசாயா 38). வாக்கும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. மாத்திரையை நிறுத்துவது மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

ஆனால் எல்லாச் செயலும் நல்ல செயல் அல்ல. கானானில் 10 ஆண்டுகள் பிள்ளையில்லாமல் கழிந்தபின், ஆபிராமின் மனைவி சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரை அவருக்கு மனைவியாகக் கொடுத்தாள். ஆபிராமுக்கு 86 வயதில் இஸ்மவேல் பிறந்தான், வாக்களிக்கப்பட்ட ஈசாக்கு பிறந்தது 100 வயதில். நீங்கள் எடுக்கப்போகும் முடிவு எந்த வகை என்று அறிய மூன்று சோதனைகள்: இதை மறைத்துச் செய்ய வேண்டியிருக்கிறதா? இதற்கு விலை கொடுக்கப்போவது என்னைவிட எளியவர் ஒருவரா? ஒரு மாதம் பொறுத்தால் கெட்டுப்போகும் என்று யாராவது அவசரப்படுத்துகிறார்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் நிறுத்துங்கள். வேலைக்கு லஞ்சம், மகளின் சம்மதம் கேட்காத அவசரக் கல்யாணம் இரண்டும் இந்தச் சோதனையில் நிற்காது. ஆகாரின் கண்ணீரையும் கர்த்தர் கேட்டார் என்பதை மறக்கக்கூடாது.

ஜெபிக்க வார்த்தை வராதபோது

சங்கீதம் 13 ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் கிருபையின்மேல் நம்பிக்கை. இதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, உங்கள் சொந்தச் சொல்லில் சொல்லுங்கள். பலர் முதல் பகுதியைத் தாண்டிக் குதித்து நேராகத் துதிக்குப் போகிறார்கள். அந்தத் துதி ஒரு வாரம்கூடத் தாங்காது. சில நாள் மூன்றாம் பகுதிக்கு வரவே முடியாது. அன்று சங்கீதம் 88-ஐ வாசியுங்கள், அது இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாக வைக்கப்பட்டிருக்கிறது.

அப்பத்தையும் பாத்திரத்தையும் பகிரும் திருவிருந்தைத் தவறவிடாதீர்கள். மனம் உலர்ந்த மாதத்தில்தான் அதிகமாகப் போக வேண்டும். "புதிய உடன்படிக்கை" என்ற சொல் அங்கே பாத்திரத்தோடு கையில் கொடுக்கப்படுகிறது. உணர்ச்சி வந்தபின் போகலாம் என்று ஒதுங்குகிறவர்கள் மெல்லச் சபையையே விட்டுவிடுகிறார்கள்.

சபையாருக்கு

கல்யாணமாகிச் சில ஆண்டான பெண்ணிடம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்காதீர்கள். எந்த உறவு முறையில் இருந்தாலும் வேண்டாம். "அந்த அக்காவுக்கு இப்படி ஜெபித்துத்தான் கிடைத்தது" என்ற சாட்சியைக் காத்திருப்பவரின் முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். "பொறுமையாயிரும்மா, கர்த்தர் செய்வார்" என்று சொல்லிவிட்டு நகர்வதைவிட, மருத்துவமனை வரிசையில் கூடப்போய் உட்காருவது உதவி. காத்திருப்பவரும் எல்லாரிடமும் சொல்லத் தேவையில்லை. ஒருவர் அல்லது இருவர், ரகசியம் காப்பவர்கள், மாதம் ஒருமுறை சேர்ந்து ஜெபிப்பவர்கள் போதும்.

கேட்டது கிடைக்காமலே ஒருவர் மரித்துப்போனால், துக்க வீட்டில் விசுவாசக் குறையைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை. தேசம் முழுவதும் வாக்களிக்கப்பட்ட ஆபிரகாமுக்கு (ஆபிராமின் பிற்காலப் பெயர்) அங்கே சொந்தமாக இருந்த நிலம், மனைவி சாராளை (முன்பு சாராய்) அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்கிய மக்பேலா நிலமும் குகையும்தான். ஆதியாகமம் 23 அதை எல்லையோடும், அதிலிருந்த மரங்களோடும், சாட்சிகளோடும் எழுதி வைத்திருக்கிறது. அந்த அதிகாரத்தையும், "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல்" விசுவாசத்தோடே மரித்தவர்களைச் சொல்லும் எபிரெயர் 11:13-16-ஐயும் அந்த வீட்டில் வாசியுங்கள். மெதுவாக, வேறு விளக்கம் சொல்லாமல் வாசித்துவிட்டு, வந்தவர்களுக்கு டீ கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.