பல்லூடக வடிவமைப்பைத் தொழிலாகத் தெரிவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு பல்லூடக வடிவமைப்புப் பாடநெறியொன்றில் சேர்ந்துவிடும் தமிழ் மாணவர்கள் கொழும்பில் பலர். அவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு, மென்பொருளைப் பழகுவதையே தொழிலைக் கற்பதாக எண்ணிக்கொள்வதாகும். போட்டோஷொப்பின் கருவிகளை வரிசையாக ஒப்புவிக்கும் ஒருவரிடம், தாம் செய்த சுவரொட்டியில் தலைப்பை ஏன் அந்த இடத்தில் வைத்தார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. கட்டணம் செலுத்துமுன், அந்நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, கிடைக்கப்போகும் சான்றிதழ் தேசிய தொழிற்றகைமையின் எந்த மட்டத்துக்குரியது என்று விசாரிக்காமல் விடுவதும் தவறே. 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாவுக்கும் 7ஆம் மட்டம் பட்டத்துக்கும் உரியவை.

இவற்றைவிடப் பெரிய தவறு தமிழ் எழுத்தை அலட்சியம் செய்வது. மும்மொழியிலும் விளம்பரம் வெளியிடும் இந்நகரில் தமிழைப் பிழையின்றி அமைக்கத் தெரிந்தவருக்கு இருக்கும் மதிப்பை நம்மவர்களே உணர்வதில்லை. பழைய கோப்புகள் இன்றும் பாமினி எழுத்துருவிலேயே வருகின்றன. அது, எல்லாக் கணினிகளும் தமிழாகவே அறிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் ஏற்பாடு. எனவே அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். யுனிகோட்டில் தட்டச்சு செய்தாலும், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாத பழைய போட்டோஷொப் பதிப்புகளில் 'கொழும்பு' என்பதன் கொம்பு ககரத்துக்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய் விழும். பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில், வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவுசெய்தால் இதே சிக்கல் தீரும். சில நொடி வேலைதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோயில் திருவிழாப் பதாகை ஒன்றை இப்படிக் கொம்பு இடம்மாறிய நிலையிலேயே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். பதினைந்து அடித் துணியில் அந்தப் பிழையை ஊரே வாசித்தது. அன்றிலிருந்து, தமிழ் தெரிந்த இன்னொருவர் வாசித்துப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் நான் அனுப்புவதில்லை.

அச்சு என்றதும் இன்னொன்று. திரையில் ஒளிரும் நீலம் தாளில் மங்கிவிட்டது என்று அச்சகத்தாரைக் குறைகூறுவோர் பலர், கோப்பைத் திரைக்குரிய ஆர்ஜிபி நிறமுறையிலேயே அனுப்பியிருப்பார்கள். அச்சு மைகளுக்குரிய சிஎம்வைகே நிறமுறைக்கு மாற்றி, ஓரங்களில் வெட்டுக்காக 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட்டு அனுப்புவது அடிப்படை. அச்சகம் ஒன்றில் அனுமதி கேட்டு ஒரு முற்பகல் நின்று பார்த்தால், வகுப்பறையில் ஒரு மாதத்தில் விளங்காதது விளங்கிவிடும்.

வேலை தேடும்போது தம் ஆக்கத் தொகுப்பில் நாற்பது படங்களை அடுக்குவது பயனற்றது. அவற்றிற் பாதி, பயிற்சிக் காணொளியைப் பார்த்து அப்படியே செய்தவை என்பதைப் பார்ப்பவர் உடனே கண்டுகொள்வார். வெள்ளவத்தையிலுள்ள ஒரு சிறு உணவகத்தின் விலைப்பட்டியலை மும்மொழியிலும் மீள வடிவமைத்து, எழுத்தின் அளவை ஏன் மாற்றினீர்கள், சிங்களமும் தமிழும் ஒரே பெட்டியில் அடங்காதபோது என்ன செய்தீர்கள் என்பதைப் படிப்படியாகக் காட்டுங்கள். அத்தகைய எட்டு ஆக்கங்கள் போதும். குழுவாகச் செய்த அசைவூட்டத்தில் நீங்கள் செய்தது ஒலிச்சேர்க்கை மட்டும் என்றால் அதையே எழுதுங்கள். நிறுவனத்தில் பணியாளராக இருந்து செய்த ஆக்கத்தைக் கேளாமல் வெளியிடவும் கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில் அதன் பொருளாதார உரிமை தொழில்தருநருக்கே உரியது.

தனியாகத் தொழில் செய்வோருக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் "சின்ன வேலைதானே தம்பி, முடிச்சுத் தாங்கோ" என்ற ஒரு வரியில் தொடங்குகின்றன. சொல்பவர் பெரும்பாலும் உறவினர் என்பதால் மறுக்க நா எழுவதில்லை. ஆயினும் முற்பணம் எவ்வளவு, எத்தனை திருத்தங்கள் கட்டணத்தில் அடங்கும், மூலக்கோப்பு கையளிக்கப்படுமா ஆகிய மூன்றையும் வேலையைத் தொடங்குமுன் ஒரு வட்ஸ்அப் செய்தியிலாவது எழுதி, அவரிடமிருந்து 'சரி' என்ற பதிலை வாங்கிக்கொண்டே கணினியைத் திறக்க வேண்டும்.