முதியோர் இல்லத்தில் மருந்து: பூட்டிய பிறகும் நடக்கும் தவறுகள்

மருந்து அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து ஆணியிலேயே மாட்டுவது பூட்டாததற்குச் சமம். அந்த நேரத்துப் பொறுப்பாளரின் கையில்தான் சாவி இருக்க வேண்டும். ஆனால் உயிரைப் பறிக்கும் தவறுகள் பல, அலமாரியைத் திறந்த பிறகுதான் நடக்கின்றன.

அவற்றில் மோசமானது, எல்லோருடைய மாத்திரைகளையும் காலையிலேயே உரித்துக் கிண்ணங்களில் போட்டு வைப்பது. அட்டையை விட்டு வந்த வெள்ளை மாத்திரை எதற்கானது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கிண்ணம் மாறினால் சர்க்கரை நோயே இல்லாதவர், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கிவிடுவார். சர்க்கரை இறங்கி அவர் சோர்ந்து கிடந்தாலும், வயதானவர் தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். படுக்கை அருகே போய், பெயரையும் படத்தையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அங்கேயே அட்டையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகே கையெழுத்து. மறதிநோய் உள்ளவர்கள் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதுண்டு. தண்ணீர் குடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம். பதிவேட்டில் கிழமையை எழுதி, மற்ற ஆறு நாள் கட்டங்களையும் அடித்துவிடுங்கள்.

எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று பெயரில் வரும் மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. மணிக்கணக்கில் கரைய வேண்டிய மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். விழுங்க முடியாதவருக்குத் திரவ வடிவம் உண்டா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். உறைபெட்டியை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் அது பயன்படாது. திறந்த பிறகு பல வகை இன்சுலின்களுக்கு 28 நாள்தான் ஆயுள் என்பதால் திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். கண் சொட்டு மருந்திலும் திறந்த தேதியை எழுதுங்கள்.

கடும் வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச்சைப் புதிதாக ஒட்டுமுன் பழையதைத் தேடி எடுங்கள். முதுகில் ஒன்று மறந்துபோயிருந்தால் மருந்து இரட்டிப்பாகி மூச்சு மந்தமாகும். கழற்றியதிலும் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து அப்புறப்படுத்தி, இருவர் கையெழுத்திட வேண்டும். உடலில் ஒட்டியிருக்கும் பேட்ச்சின் மேல் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும்.

நெஞ்சுவலிக்கு நாவடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், சாவி தேடாமல் உடனே கைக்கு எட்ட வேண்டும். அதை அதன் சொந்தக் கண்ணாடிக் குப்பியிலிருந்து மாற்றாதீர்கள், வீரியம் குறையும். இறந்தவரின் மருந்துகளை எண்ணிப் பதிவு செய்து அன்றே தனியாக ஒதுக்குங்கள். இன்னொருவருக்கு 'அவசரத்துக்கு' என்று எடுத்து வைக்காதீர்கள்.