மலையிலிருந்து போனவர் ஆந்திரத்தில் பிடிபட்டால்: கைது, நீதிமன்ற, சிறைப் பதிவுகளைத் தேடும் வழி

ஜவ்வாது மலையிலோ சித்தேரியிலோ கல்வராயன் மலையிலோ வாழும் ஒரு குடும்பத்துக்கு, வீட்டு ஆள் செம்மரம் வெட்டிக் கடத்தியதாகச் சொல்லும் வழக்கில் ஆந்திரத்தில் பிடிபட்டுவிட்டார் என்ற சேதி காவல் நிலையத்திலிருந்து வருவது அரிது. கூடப் போய்த் தப்பி வந்தவர் சொல்வார், அல்லது அழைத்துப் போன மேஸ்திரியின் கைப்பேசி அணைந்துகிடப்பதிலிருந்து வீட்டார் தாமாகவே ஊகித்துக்கொள்வார்கள். பிடித்தது போலீஸா வனத்துறையா, எந்த ஊர், எந்தக் கோர்ட், எந்த ஜெயில் என்று எதுவும் தெரியாத அந்த நாட்களில்தான், விசாரித்துச் சொல்கிறேன் என்று வரும் தரகரிடம் ஆட்டையும் நகையையும் விற்ற பணம் போய்ச் சேருகிறது. அந்தத் தரகர் விசாரித்துச் சொல்லும் விவரங்களில் பெரும்பகுதி சட்டப்படி எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டியது. குடும்பத்தார் கேட்டுப் பெறக்கூடியது. அதை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரிசை. பலரும் நேராகச் சிறையைத் தேடிப் போகிறார்கள். திருப்பதி கிளைச் சிறை, சித்தூர் மாவட்டச் சிறை, கடப்பா, நெல்லூர் மத்தியச் சிறைகள் என்று ஒவ்வொன்றின் வாசலிலும் நின்றுவிட்டு, பஸ் காசு தீர்ந்து திரும்புகிறார்கள். காவல் பதிவு, நீதிமன்றப் பதிவு, சிறைப் பதிவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கோத்த சங்கிலி. காவல் நிலையத்தில் பதிவான வழக்கு எண் கிடைத்தால் நீதிமன்றம் தெரியும்; நீதிமன்றம் தெரிந்தால், எந்தச் சிறைக்கு அனுப்பினார்கள் என்பது ரிமாண்ட் உத்தரவில், அதாவது காவலில் வைக்கச் சொல்லும் நீதிமன்ற ஆணையில், எழுதியிருக்கும். மூன்றில் எதை அதிகம் நம்பலாம் என்று கேட்டால், நான் நீதிமன்றத்தைத்தான் சொல்வேன். கைது செய்யப்பட்ட எவரையும், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு கூறுகிறது. போலீஸ் பிடித்தாலும் வனத்துறை பிடித்தாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை.

தேடலுக்கு முன் ஒரு தாளில் சில விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஆதாரில் உள்ளபடி பெயர், தந்தை பெயர், ஊர் பெயர், வீட்டை விட்டுப் புறப்பட்ட நாள், கடைசியாகப் பேசிய நாள், கூடப் போன அத்தனை பேரின் பெயர்கள். இந்தக் கடைசி விவரத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் ஒரே வழக்கில் பத்துப் பேர் சேர்க்கப்பட்டிருந்தால், முதல் குற்றவாளியாகக் காட்டப்பட்டவரின் பெயரில்தான் வழக்கு பளிச்சென்று தெரியும். உங்கள் வீட்டு ஆளின் பெயரில் கிடைக்காத வழக்கு பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் கிடைத்துவிடலாம்.

கைது விவரத்தில் தொடங்குவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளருக்குக் குறையாத ஓர் அலுவலர், கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பதிந்து, நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். 48ஆவது பிரிவு, கைதைப் பற்றி உறவினருக்கு உடனே தெரிவிக்கச் சொல்கிறது. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: உறவினர் வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்தப் பகுதிக் காவல் நிலையம் வழியாகவும் மாவட்டத்தின் சட்ட உதவி அமைப்பு வழியாகவும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது. தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. தெரிவிக்கும் கடமை நிற்கவில்லை. ஆகவே முதலில் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கே போய், ஆந்திரத்திலிருந்து தகவல் வந்ததா என்று எழுத்து மூலம் கேளுங்கள். வரவில்லை என்றால், காணவில்லை என்று புகார் கொடுத்து அதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆளைக் காணோம் என்று எந்தத் தேதியில் அரசிடம் சொன்னீர்கள் என்பதற்கு அந்த ரசீதே சான்று; பின்னால் ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட வேண்டி வந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, காட்டுக்குப் போனவரிடமிருந்து சேதி இல்லை என்றால் எந்தக் குடும்பமும் பொறுத்திருந்து பார்ப்போம் என்று இருந்துவிட முடியாது.

அடுத்தது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். இளம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றும், இணைய வசதியோ இட அமைப்போ தடையாக உள்ள பகுதிகளில் இதை 48 மணி நேரமாகவும், மிஞ்சினால் 72 மணி நேரமாகவும் நீட்டிக்கலாம் என்றும் உத்தரவிட்டது. எனவே முதல் நாள் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் நான்காம் நாளும் தேடுங்கள். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சில வகை வழக்குகளின் அறிக்கைகளை மட்டும் ஏற்ற மாட்டார்கள். ஆந்திரக் காவல்துறையின் குடிமக்கள் தளத்தில் மாவட்டம், நிலையம், தேதி கொடுத்துத் தேட வேண்டும். சந்திரகிரி, ரேணிகுண்டா, பாகராபேட்டை, ரயில்வே கோடூர், ராஜம்பேட்டை ஆகிய நிலையங்களையும், திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படையையும் முதலில் பாருங்கள். அறிக்கை தெலுங்கில் இருக்கும். பயப்பட வேண்டாம், இப்போதைக்கு உங்களுக்குத் தேவை நிலையத்தின் பெயர், அறிக்கை எண், ஆண்டு ஆகிய மூன்று மட்டுமே. தளத்தில் இல்லை என்றால், அதே தீர்ப்பின்படி கைதானவரின் சார்பில் யாரேனும் நிலையத்தில் மனு கொடுத்து நகல் கேட்கலாம்; அதை 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான சிக்கல். பிடித்தது வனத்துறை என்றால் எஃப்.ஐ.ஆர். என்ற ஒன்றே இருக்காமல் போகலாம். ஆந்திரப் பிரதேச வனச் சட்டம், 1967இன் கீழ் வனச்சரக அலுவலர் தம் அலுவலகத்திலேயே குற்ற அறிக்கை ஒன்றைப் பதிந்து, அதற்கு ஓ.ஆர். எண் கொடுத்து, ஆளை நேராக நடுவர் முன் கொண்டுபோகிறார். காவல் தளத்தில் எத்தனை முறை தேடினாலும் அந்தக் கைது தென்படாது. அப்படிப்பட்ட நேரத்தில் சம்பந்தப்பட்ட வனச்சரக அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, நாளைச் சொல்லி, ஓ.ஆர். எண்ணையும் எந்த நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

நீதிமன்றப் பதிவுக்கு இ-கோர்ட்ஸ் தளமும் அதே பெயரில் உள்ள கைப்பேசிச் செயலியும் போதும், இரண்டும் இலவசம். மலையில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நடந்து போய்த் தேடுகிறவர்களுக்குச் செயலியே வசதி, ஏனெனில் ஒருமுறை கிடைத்த வழக்கை அதில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்த பின், வழக்குத் தரப்பினர் பெயரையும் ஆண்டையும் கொடுங்கள். நிலுவை, முடிந்தவை இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். எஃப்.ஐ.ஆர். எண் இருந்தால் அதைக் கொண்டும் தேடலாம்.

பெயரில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். தமிழில் சொன்ன பெயரைத் தெலுங்குக்காரர் கேட்டு எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறார். தங்கவேல் என்பதன் முதல் எழுத்துக்குப் பின் எச் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; பழனி என்பதில் ழகரம் எல் ஆகவும் இசட்-எச் ஆகவும் வரும்; தந்தை பெயரின் முதலெழுத்து முன்னாலோ பின்னாலோ நிற்கும்; சில சமயம் தந்தை பெயரே ஆளின் பெயராக ஏறியிருக்கும். முழுப்பெயரைக் கொடுத்தால் ஒரு எழுத்து மாறினாலும் ஒன்றும் கிடைக்காது. ஆகவே மாறாத மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்து, வருகிற பட்டியலைப் பொறுமையாகப் படிப்பதே நல்லது.

மாவட்டமும் குழப்பும். 2022 ஏப்ரலில் ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆகப் பிரிக்கப்பட்டன. வருவாய் மாவட்டம் பிரிந்தாலும் நீதிமன்றப் பட்டியல் பழைய பிரிவின்படி இருக்கக்கூடும். திருப்பதி வளாகத்தைச் சித்தூரின் கீழும், கோடூரையும் ராஜம்பேட்டையையும் கடப்பாவின் கீழும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் வழக்கு வரவில்லையா? குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை சி.சி. என்ற வழக்கு எண்ணே பிறப்பதில்லை. அந்த இடைக்காலத்தில் ஜாமீன் மனு போடப்பட்டிருந்தால் அது மட்டும் குற்றவியல் மனுவாகப் பட்டியலில் தெரியும். அதுவும் இல்லை என்றால், நடுவர் நீதிமன்ற அலுவலகத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணைச் சொல்லி, ரிமாண்ட் செய்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் நாட்களை எண்ண வேண்டும்: குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடுகிறது. அந்த நாளைக் கவனிக்க ஆளில்லாததால் உள்ளேயே கிடப்பவர்கள் மலைக்காரர்களாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

வழக்கு கிடைத்ததும் சி.என்.ஆர். எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அது 16 எழுத்தும் இலக்கமும் கொண்டது. நாடு முழுவதும் ஒரு வழக்குக்கு ஒன்றுதான். இனிமேல் பெயரைத் தேட வேண்டியதில்லை. அந்த எண்ணைக் கொடுத்தால் அடுத்த வாய்தா, எந்தக் கட்டத்தில் வழக்கு இருக்கிறது, என்ன உத்தரவு என்பதெல்லாம் வரும்.

சிறைப் பதிவைப் பொறுத்தவரை, பெயரைத் தட்டினால் கைதி இருக்கும் இடத்தைக் காட்டும் பொதுத் தேடல் வசதியை நம்பி இருக்க வேண்டாம். இ-பிரிசன்ஸ் தளத்தில் உறவினர் சந்திப்புக்கு முன்பதிவு செய்யும் இ-முலாகாத் வசதி உண்டு. நம் ஊரில் மனு போட்டுப் பார்ப்பது என்கிறோமே, அதற்கான விண்ணப்பம் அது. அதை நிரப்பவே சிறையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ரிமாண்ட் உத்தரவு வேண்டும். இடநெருக்கடியால் ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட், அதாவது சிறையில் இருப்பவரை இன்னொரு நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆணை, போட்டு வேறு ஊருக்கு அழைத்துப் போவதும் உண்டு. ஆகையால் புறப்படுவதற்கு முந்தைய நாள் சிறை அலுவலகத்தை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். உறவைக் காட்டும் குடும்ப அட்டையையும் ஆதாரையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

இரண்டு வகையினர் இந்தச் சங்கிலியில் அகப்பட மாட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் சிறைக்குப் போகக்கூடாது. அவரது பதிவும் பொதுவில் வராது. அவரை இளைஞர் நீதிக் குழுமத்திலும் கூர்நோக்கு இல்லத்திலும் கேட்க வேண்டும், பள்ளிச் சான்றிதழோடு. ஆந்திரத்தின் 1986ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டவருக்கு விசாரணை நீதிமன்ற வழக்கு இருக்காது, இருப்பது ஆணைதான். அந்த ஆணையின் நகலைப் பெற்று அமராவதியில் உள்ள ஆந்திர உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

எங்கேயும் பதில் கிடைக்கவில்லை என்றால் 15100 என்ற தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச எண்ணை அழையுங்கள், அல்லது உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடும்போது, இது ஒருவரின் உயிரும் சுதந்திரமும் பற்றியது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அப்படிப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 7ஆவது பிரிவில் இருக்கிறது.

ஆள் வீடு திரும்பிய பிறகும் விவரங்களை எழுதி வைத்த அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஜாமீனில் வந்தவர் பஸ் காசு இல்லாமல் ஒரு வாய்தாவைத் தவறவிட்டால் பிடியாணை பிறக்கும். பல மாதம் கழித்து அதே வழக்கில் மறுபடி பிடிபடுவார். மாதம் ஒருமுறை சி.என்.ஆர். எண்ணைப் போட்டு அடுத்த தேதியைப் பாருங்கள். பிடியாணை காட்டினால் உடனே வழக்கறிஞர் மூலம் திரும்பப் பெற மனு போட்டு, அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். வழக்கு முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும், தளத்தில் முடிந்ததாகக் காட்டிய பின் தீர்ப்பின் நகலுக்கு மனு போட்டு, அதையும் ஆதாரோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.